நாலாவது கோடு

டீ டம்ளரை ஒரு கையிலும் செய்தித்தாளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ஹாலைக் கடந்த கணவர், நடுவழியில் சட்டென்று ஒதுங்கி, சுவரைச் சுற்றிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே சுவர் இல்லை. தரையில் ஒரு சாக்பீஸ் கோடுதான் இருந்தது.

அவள் பேனாவை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷர் கீழே பார்த்து நடந்ததாகச் சரித்திரமே கிடையாது. துடைத்த தரையில் செருப்போடு வருவார். மகளின் பொம்மையை மிதித்துவிட்டு வீட்டையே திட்டுவார். அப்பேர்ப்பட்டவர் கோட்டைச் சுற்றிப் போகிறார், அதுவும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஏங்க, எதுக்குச் சுத்திப் போனீங்க?”

“எங்க சுத்திப் போனேன்? நேராத்தான வந்தேன்.”

“இல்லீங்க, அந்தக் கோடு...”

“காலங்காத்தால ஆரம்பிக்காதம்மா. உன் அரண்மனையில எனக்கு ஒரு பாத்ரூம் போட்டிருக்கியா, அதை மட்டும் சொல்லு.”

அவள் சிரித்துவிட்டு எழுத்துக்குத் திரும்பினாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வார இதழில் சரித்திரத் தொடர்கதை எழுதுகிறவள். பழைய மேடை நாடகமோ, வாய்வழியாக வந்த கதையோ, ஏதாவது ஒன்றைப் பிடித்து, அந்த எலும்புக்குச் சதை வைத்து ஐம்பது வாரம் ஓட்டிவிடுவாள். மற்றவர்கள் ‘ராணி விரைந்தாள்’ என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். இவளுக்கு அது ஆகாது. எத்தனை எட்டில் விரைந்தாள், எந்தத் திருப்பத்தில் தோள் இடித்தது, கையில் விளக்கோடு நுழைந்தால் அந்த வாசலில் தலை முட்டுமா, இத்தனையும் தெரியாமல் ஒரு வரி நகராது. அதற்காகவே ஹாலில் இருந்த சோபாவையெல்லாம் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டு, சிமெண்டுத் தரையில் அரண்மனையைத் துண்டு துண்டாக நிஜ அளவில் வரைந்து, அதற்குள் நடந்து நடந்து எழுதுவாள். கோடு என்றால் சுவர். கோட்டில் இடைவெளி விட்டால் வாசல். அவளுடைய ஏழு வயது மகள் சிட்டு, பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, ‘எங்கள் வீட்டில் நிறைய சுவர் உண்டு, பாதி சுவர் சாக்பீஸ்’ என்று எழுதி, டீச்சர் போன் செய்து விசாரிக்கும்படி ஆனது.

இந்த முறை கையில் எடுத்தது ஒரு பழைய நாடகம். எதிரிப் படை வருகிறது என்று தெரிந்ததும் ஒரு ராணி தன் சின்ன மகளை அரண்மனைக்குள்ளேயே ஓர் அறையில் வைத்து, வாசலைக் கல்லால் அடைத்துப் பூசிவிடச் சொல்கிறாள். சித்திரவதை செய்தாலும் தன் வாய் உளறிவிடக் கூடாது என்று, எந்த அறை என்பதைத் தனக்கே சொல்ல வேண்டாம் என்றும் கட்டளை போடுகிறாள். மூன்று நாள்தான். படை போனதும் உடைத்து எடுத்துக்கொள்ளலாம். படையும் போயிற்று. ஆனால் கல் வைத்த கொத்தனார்களில் ஒருவர்கூட உயிரோடு மிஞ்சவில்லை. பூச்சுக் காய்ந்து எல்லாச் சுவரும் ஒன்றுபோல நிற்கிறது. ராணி ஒவ்வொரு சுவராகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போவதோடு திரை விழுந்துவிடும்.

நாடகத்தின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தவர், ராணி வேஷம் கட்டிக் கட்டியே தலை நரைத்த ஒரு நடிகர். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்.

“மேடையில அந்த அறைக்குக் கயிறு கட்டுவோம்மா. மூணு பக்கம்தான். நாலாவது பக்கம் கட்டறதில்ல.”

“ஏன் சார்?”

“கட்டறதில்ல, அவ்வளவுதான். எங்க வாத்தியாரும் கட்டினதில்ல.”

அவள் பயபக்தியோடு தலையாட்டினாள். மனசுக்குள்ளே, இதை வைத்து முன்னுரையில் ஒரு பாரா தேற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். எழுதுகிறவர்கள் புத்தி அப்படித்தான் போகும்.

கணவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போனார். சிட்டு பள்ளிக்கூடம் போனாள். வீடு அடங்கியதும் இதழின் ஆசிரியர் போனில் வந்தார்.

“மேடம், ஏழு மணிக்குக் கடைசி அத்தியாயம் கைக்கு வரணும். அச்சுக்கூடத்துல காத்திருக்காங்க. இன்னொண்ணு, சொன்னா கோவிச்சுக்காதீங்க.”

“சொல்லுங்க சார்.”

“அந்தப் பொண்ணு உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. நீங்க வெளியவே நின்னு ராணி அழறதையே எழுதிட்டிருக்கீங்க. உள்ள போங்க. படிக்கிறவங்களுக்கு மூச்சு முட்டணும். இல்லேன்னா அடுத்த தொடர் பத்தி நான் மேல பேச முடியாது.”

போனை வைத்தபோது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த ஆள் சொன்னது உண்மை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். அந்த மூடிய அறையை மட்டும் அவள் இன்னும் வரையவில்லை. ஏனென்று கேட்டால் நேரம் இல்லை என்பாள்.

மத்தியானம் முழுக்க வராந்தாக்களில் நடந்தாள். அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடக்கும் தாள்கள் படபடக்கின்றன, ஒரு சாண் தள்ளி அந்தப் பக்கம் கிடக்கும் தாள்கள் பசை போட்டு ஒட்டியதுபோலக் கிடக்கின்றன. ஜன்னல் வெயில் தரையில் நீண்டு வந்து, ராணியின் அந்தப்புரச் சுவர் என்று அவள் வரைந்த கோட்டின் மேல் ஏறியதும், கத்தரித்ததுபோல் அங்கேயே முடிந்துவிடுகிறது. எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பு வாடை. பக்கத்தில் எங்கேயாவது கட்டட வேலை நடக்கும் என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். தெருவில் ஒரு சைக்கிள் போனது. கட்டட வேலை எதுவும் இல்லை. தூக்கம் கெட்டால் மூளை இப்படித்தான் படம் காட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, முகம் கழுவி, இன்னொரு டீ போட்டுக் குடித்தாள்.

நாலரை மணிக்கு சிட்டு வந்தாள். பையை வீசினாள். ஷூவைக் கழற்றி எறிந்தாள். வராந்தாவுக்குள் வாசல் வழியாகவே நுழைந்து, திருப்பத்தில் திரும்பி, ஒரு கோட்டைக்கூடத் தாண்டாமல் அம்மாவிடம் வந்து சேர்ந்தாள். குழந்தை விளையாடுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ளத்தான் விரும்பினாள்.

“சிட்டு, அம்மாவுக்கு ஒரு உதவி பண்றியா?”

“மறுபடியும் பொணமா படுக்கணுமா? போன தடவை மூக்கு அரிச்சுது.”

“படுக்க வேணாண்டி வாயாடி. சும்மா உட்காரு. ஒரு சின்னப் பொண்ணு உட்கார்ந்தா எவ்வளவு இடம் பிடிக்கும், காலை நீட்டினா சுவர் இடிக்குமான்னு பாக்கணும்.”

“எவ்வளவு நேரம்?”

“கொஞ்ச நேரம்தான் கண்ணு. அம்மா எழுதி முடிச்சதும் எடுத்துடுவேன்.”

சிட்டு ஹாலின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவள் மகளைச் சுற்றிக் குனிந்து குனிந்து வரைந்தாள். இடது பக்கம் ஒன்று. பின்னால் ஒன்று. வலது பக்கம் ஒன்று. மற்ற எல்லா அறைக்கும் டேப்பைப் பிடித்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு வரைந்தவள், இதற்கு மட்டும் கண் அளவிலேயே போட்டாள். மணி ஐந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது கோடு முடிந்ததும் கை ஒரு விநாடி தயங்கியது. கயிற்றுக்கார நடிகர் ஞாபகத்துக்கு வந்தார். கடைசிக் கல்லை வைத்த கொத்தனாரின் கையும் இப்படித்தான் தயங்கியிருக்கும் என்ற எண்ணம் வந்ததும், அடடா, என்ன வரி என்று பூரித்துப்போய், அது மறப்பதற்குள் நாலாவது கோட்டையும் இழுத்து மூடிவிட்டு மேஜைக்கு ஓடினாள்.

எழுத்து வந்தது. மாதக்கணக்காக வராதது கொட்டியது. உள்ளே இருக்கும் பெண்ணுக்கு முதலில் விளையாட்டாக இருக்கும் என்று எழுதினாள். பிறகு வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது என்பது மறந்துபோகும். தன் மூச்சுச் சத்தம் வேறு யாருடையதோ போலக் கேட்கும். சுவரைத் தடவினால் உள்ளங்கையில் ஈரம் ஒட்டும். ஆறு பக்கம், ஏழு பக்கம். கை வலித்தது, நிறுத்தவில்லை. ஒன்பதாவது பக்கத்தில்தான், வீட்டில் ஒரு சத்தமும் இல்லை என்பது உறைத்தது.

ஏழு வயதுக் குழந்தை. ஒரு மணி நேரம். ‘அம்மா, போதுமா’ என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் காற்றில் பதித்து, விரல்களை விரித்து, எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். வாய் பெரிதாகத் திறந்து மூடியது. சத்தம் இல்லை.

“போதும்டி உன் நடிப்பு. வா, பசிக்கும்.”

வாய் மறுபடி திறந்தது. கன்னம் முழுக்க ஈரம். விரல் நுனிகள் வெளுத்திருந்தன, கண்ணாடியில் அழுத்தினால் வெளுக்குமே, அதுபோல. கண்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மா இருந்த பக்கம்கூடப் பார்க்கவில்லை. கும்மிருட்டில் வழி தேடுகிறவர்களின் கண்ணைப்போல எங்கெங்கோ அலைந்தன. இத்தனைக்கும் ஹாலில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

நாற்காலி பின்னால் விழுந்தது. அவள் ஓடினாள். வராந்தாக் கோடு, வாசல், திருப்பம். ஓடி வந்து மகளை நோக்கிக் கையை நீட்டினாள்.

கை இடித்தது.

குளிர்ச்சி. சொரசொரப்பு. ஈரம். அவள் கண்ணுக்கு முன்னால் வெறும் காற்று. அந்தக் காற்றில் கல் இருந்தது.

“சிட்டு! சிட்டு, அம்மா இங்கதான் இருக்கேன்! இங்க பாரு!”

குழந்தை திரும்பவில்லை. கேட்கவில்லை. அவள் இரண்டு முஷ்டியாலும் குத்தினாள். தோளால் இடித்தாள். தோளில் தோல் வழன்று எரிந்தது. சாமி, என் புள்ளை, என் புள்ளை என்று வாய் தானாக அரற்றிக்கொண்டிருந்தது. நானே வைத்தேன், என் கையாலேயே வைத்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

பிறகுதான் கோடு கண்ணில் பட்டது. சாக்பீஸ். வெறும் சாக்பீஸ்.

மண்டியிட்டு, உள்ளங்கையால் நாலாவது கோட்டைத் தேய்த்தாள். வெள்ளைத் தூள் பரவியது. ஒரு கையகலம் மங்கியது. மங்கிய அந்த இடத்திலிருந்து, ஓட்டை வழியே வருவதுபோல, அடைத்த காற்றும் சின்னக் குரலும் சேர்ந்து வந்தன.

“...மா, இருட்டா இருக்கும்மா. எழுதி முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன் கண்ணு! இதோ, இதோ எடுத்துடறேன்! அழாத தங்கம், அங்கேயே இரு!”

ஐயோ, அத்தோடு விட்டிருக்கக் கூடாதா! அந்த ஓட்டையைக் கையாலேயே தேய்த்துத் தேய்த்து ஒரு குழந்தை நுழையும் அளவுக்கு ஆக்கியிருந்தால் போதும். ஒரு வாசல் போதும். பெற்றவள் பதற்றம் அதற்குப் பொறுக்கவில்லை. குளியலறைக்கு ஓடி, வாளித் தண்ணீரையும் தரை துடைக்கும் மாப்பையும் தூக்கிக்கொண்டு வந்து, முன் பக்கம், இடது பக்கம், பின் பக்கம் என்று வெறிபிடித்தவள்போல் அழித்தாள். அழிக்க அழிக்க சிட்டுவின் குரல் பெரிதாகும் என்று நினைத்தாள். அது சின்னதாகிக்கொண்டே போனது. “அம்மா” என்றது. “ம்மா” என்றது. வலது பக்கத்துக் கடைசி விரல்கடை வெள்ளை மாப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது.

சுவர் போய்விட்டது. அவள் பாய்ந்து அணைத்தாள். இரண்டு கையும் தன் மார்பிலேயே வந்து மோதின.

நடு ஹாலில் ஈரத் தரை. யாரும் இல்லை.

வாசல் வெட்டாமல், உள்ளே ஆள் இருக்கும்போதே அறையை அழித்திருக்கிறாள். அது எங்கே இருந்தது என்பதற்கு இருந்த ஒரே அடையாளத்தையும் சேர்த்து அழித்திருக்கிறாள். அதற்கு மட்டும் அளவு எடுக்கவில்லை. நோட்டில் இல்லை.

அவள் அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது, மேஜையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மணி ஏழு. வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

“என்னம்மா இது, வீடு பூரா தண்ணி? வழுக்கி விழுந்து வைக்கப் போறோம்.” கணவர் செருப்போடு உள்ளே வந்தார். “சிட்டு எங்க? சிட்டூ! அப்பா வந்தாச்சு!”

நின்றிருந்த மின்விசிறியின் சுவிட்சைத் தட்டினார். தரை காயட்டும் என்று.

காற்று இறங்கியது. ஈரம் ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியது. அப்போதுதான் அவள் பார்த்தாள்.

தண்ணீர்ப் படலத்தில் ஒரு பாதம். சின்னப் பாதம். பக்கத்தில் இன்னொன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது விழுந்தது. சிட்டுவுக்குத் தட்டைப் பாதம், நடுவில் வளைவே இருக்காது, முழுசாகப் பதியும். முழுசாகப் பதிந்தது. நாலு எட்டு. நின்றது. திரும்பியது. நாலு எட்டு. நின்றது. திரும்பியது.

“ஃபேனை நிறுத்துங்க!”

“என்ன?”

“நிறுத்துங்க! காய விடாதீங்க! ஐயோ, காய விடாதீங்க!”

அவர் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார். பை கையிலிருந்து நழுவியது. சுவிட்சை அணைத்தார்.

அவள் சாக்பீஸைப் பொறுக்கினாள். பாதங்கள் நடக்கும் இடத்தைச் சுற்றி வரைந்துவிடலாம். வரைந்து, ஒரு வாசல் விடலாம். பெரிய வாசல். ஈரத்தில் சாக்பீஸ் வழுக்கியது. அழுத்தினாள். கூழாகிப் போனது. மேஜையிலிருந்து மார்க்கரை எடுத்தாள். மை கரைந்து ஓடியது. துணியால் ஒத்தி ஒரு சாண் இடத்தைக் காயவைத்தாள். காய்ந்த இடத்தில் கோடு விழுந்தது. காய்ந்த இடத்தில் பாதம் விழவில்லை. அடுத்த எட்டு எங்கே என்று தெரியவில்லை.

தண்ணீர் இருந்தால் பிள்ளை தெரிவாள், கோடு நிற்காது. தண்ணீர் காய்ந்தால் கோடு நிற்கும், பிள்ளை தெரியமாட்டாள்.

“தண்ணி கொண்டாங்க. இன்னும் தண்ணி.”

அவர் கொண்டு வந்தார். அழுதுகொண்டே கொண்டு வந்தார். வாளி வாளியாக ஊற்றினார்கள். பாதங்கள் மெதுவாகிவிட்டன. நாலு எட்டு வைத்து நின்ற இடத்தில் வெகுநேரம் நின்றன. பிறகு இரண்டு முழங்கால். இரண்டு உள்ளங்கை. உட்கார்ந்துவிட்டாள்.

“சிட்டு, தூங்காதடி. அம்மா இருக்கேண்டி. தூங்கிடாத.”

“இங்க பாரு.” கணவரின் குரல் காற்றாகத்தான் வந்தது. “அது யாரு?”

மறுமூலையில் இன்னொரு ஜோடி. அதுவும் சின்னது. ஆனால் ஒடுங்கியது, குதிகாலும் விரல்களும் மட்டுமே பதிந்தன, நடுவில் ஒன்றும் இல்லை. அவசரமில்லாமல் வந்தது. கல்லால் அடைத்துப் பூசிய அறைக்குள், வெகுகாலமாக அந்த இருட்டில் நடந்து பழகிய கால். ஒவ்வொரு எட்டாக வைத்து, உட்கார்ந்திருந்த குழந்தையின் எதிரே, விரலோடு விரல் தொடும்படி வந்து நின்றது.

ஈரம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. இரண்டு ஜோடியும் மங்கின.

அவள் வாளியைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். தண்ணீர் பரவி அடங்கியது. அவர்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். முழங்கால் இல்லை. உள்ளங்கை இல்லை. இந்த முறை ஒரே ஒரு ஜோடிதான் விழுந்தது. ஒடுங்கிய பாதம். அது அவளை நோக்கித் திரும்பி நின்றது.